ஒன்பதாவது உயிரின் அருமை: ஒரு சித்திரத் திரைப்படம் பற்றிய திறனாய்வு

முதற்படம் ஈட்டிய வெற்றியைத் துணையாகக் கொண்டு அதே தலைவனை மீண்டும் திரையில் நடமாடச் செய்யும் தொடர்ப்படங்கள் பெரும்பாலும் கலைத்தேவையாற் பிறப்பவை அல்ல. வாணிகத் தேவையாற் பிறப்பவை. அவற்றின் இலக்கணங்களுள் தலையாயது தலைவன் இறவான் என்பதாகும். மலையுச்சியிலிருந்து வீழ்ந்தாலும், வாள்வீச்சுக்கு இலக்கானாலும், அடுத்த படத்துக்கு அவன் உயிரோடு வந்து சேர்வான் என்பதைக் காண்போர் நன்கறிவர். அங்ஙனம் அறிந்திருத்தலினாலே அவன் எதிர்கொள்ளும் ஆபத்துகள் அவர்களுக்கு வேடிக்கையாகின்றனவேயன்றி அச்சம் விளைப்பன ஆகா. இவ்விலக்கணத்துக்குட்பட்டுத் தோன்றிய ஒரு தொடர்ப்படம், தான் இறப்பது உறுதியென உணர்ந்த தலைவன் எவ்வாறு வாழ்வான் என்னும் வினாவையே தன் பொருளாக எடுத்துக்கொள்ளுமாயின், அது சிறுவர்க்கென ஆக்கப்பட்டதாயினும் முதியோரும் ஆராயத்தக்கதே.

அத்தகைய படம் ‘சப்பாத்துப் பூனை: இறுதி விருப்பம்’ என்பதாகும். ஐக்கிய அமெரிக்காவின் ட்ரீம்வேர்க்ஸ் சித்திரப்பட நிறுவனம் ஆக்கிய இதனை ஜோயல் குறோஃபர்ட் நெறிப்படுத்தினார். 2022ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில் இஃது அந்நாட்டில் வெளியாயிற்று. இதன் தலைவனாகிய பூனை, 2004ஆம் ஆண்டின் ‘ஷ்ரெக் 2’ என்னும் படத்தில் துணைப்பாத்திரமாக அறிமுகமாகி, 2011ஆம் ஆண்டில் தன் பெயராலேயே அமைந்த தனிப்படத்தில் தலைமை பெற்றது. மூன்று படங்களிலும் அதற்குக் குரல் தந்தவர் அன்ரோனியோ பண்டெராஸ் என்னும் ஸ்பானிய நடிகர். தனிப்படம் வந்து 11 ஆண்டுகள் கழிந்தபின் வெளிவந்த இத்தொடர்ப்படம் தலைவனது புகழை வளர்ப்பதற்கு மாறாக அதனைச் சோதனைக்குள்ளாக்கியமையே அதன் முதற்சிறப்பு எனலாம்.

இப்பூனையின் பிறப்பிடம் திரை அன்று. பிரெஞ்சு எழுத்தாளர் சார்ள் பெரோ 1697ஆம் ஆண்டில் வெளியிட்ட கதைத்தொகுதியிலேயே சப்பாத்தணிந்த பூனை உலகறிந்த பாத்திரமாயிற்று. மாவாலைக்காரன் ஒருவன் இறக்கும்போது இளையமகனுக்கு வெறும் பூனையை மட்டுமே விட்டுச் செல்கின்றான். அப்பூனை பொய்யும் சூழ்ச்சியும் துணையாகத் தன் எசமானனைச் சீமானாக்கி, அரசகுமாரியையும் மணமுடித்து வைக்கின்றது. உருமாறும் வல்லமை படைத்த அரக்கனைப் புகழ்ந்து பேசி எலியாக மாறச்செய்து விழுங்கிவிடுதல் அக்கதையின் உச்சம். பெரோவின் பூனைக்குத் தன் முடிவைப்பற்றிய கவலை எதுவும் இல்லை. ஈற்றில் அதுவும் பெருமகனாகி, பொழுதுபோக்குக்காக மட்டுமே எலி பிடிக்கின்றது. வெற்றியோடு முடிந்த அக்கதை, வென்றவன் பின்பு என்ன செய்வான் என்று வினவவில்லை. திரைப்படம் அவ்வினாவிலிருந்து தொடங்குகின்றது.

பூனைக்கு ஒன்பது உயிர் என்பது ஆங்கிலேயரிடை வழங்கும் பழங்கூற்று. ஸ்பானியர் அதனை ஏழெனக் கொள்வர். படத்தின் பூனை ஸ்பானியச் சாயல் பூண்டதாயினும் ஆங்கிலக் கணக்கையே பின்பற்றுகின்றது. டெல் மார் என்னும் ஊரிலே ஆளுநரின் மாளிகையில் விருந்தயர்ந்து, துயில் கலைந்தெழுந்த அரக்கன் ஒருவனை வென்று, ஆரவாரத்தின் நடுவே நிற்கையில் பெரிய மணியொன்று தலைமேல் வீழ்ந்து பூனை இறக்கின்றது. மீண்டும் கண்விழிக்கும்போது வைத்தியர் அதன் கணக்கைத் தீர்த்துக் காட்டுகின்றார்: எட்டு உயிர்கள் கழிந்தன; எஞ்சியது ஒன்று.

கழிந்த எட்டின் வரலாறு நகைச்சுவையாகவே சொல்லப்படுகின்றது. எருதுகளின் ஓட்டத்திடையே மிதிபட்டது ஒருமுறை. காலூன்றி வீழ்வேன் என வீம்பு பேசிக் கோபுரத்திலிருந்து பாய்ந்தது ஒருமுறை. பீரங்கியினுட் புகுந்து வெடித்தெழுந்தது ஒருமுறை. துணைவேண்டாம் எனத் தருக்கிப் பளு தூக்கியது ஒருமுறை. ஒவ்வாத கடலுணவை உண்டது ஒருமுறை. போறணையில் வெந்தது ஒருமுறை. இவ்வாறு அடுக்கிச் செல்லும்போது அரங்கு நகைக்கின்றது. ஆயினும் இந்நகையுள் ஒரு குற்றச்சாட்டு மறைந்திருத்தலைக் காண்போர் பின்னரே உணர்வர். அவ்விறப்புகளுள் ஒன்றேனும் பிறர்பொருட்டு நேர்ந்ததன்று. செல்வம் மிகுந்த வீட்டுப்பிள்ளை காசை இறைப்பதுபோலப் பூனை உயிரை இறைத்திருக்கின்றது. குறைவின்மை அதற்கு அருமையறியும் ஆற்றலையே இல்லாமற் செய்துவிட்டது.

இதன்பின் வரும் மதுக்கடைக் காட்சியே படத்தின் போக்கை மாற்றுகின்றது. இரு அரிவாள்கள் ஏந்திய ஓநாயொன்று, சீழ்க்கை ஒலியை முன்விட்டுப் பூனையின் பக்கலில் வந்து அமர்கின்றது. போர் நிகழ்கின்றது. ஒருகாலும் எவராலும் தீண்டப்படாதவன் எனப் பாடல்பெற்ற வீரனின் நெற்றியில் முதன்முதலாகக் குருதி கசிகின்றது. பூனையின் மயிர் குத்திட்டு நிற்கின்றது. வாளைப் போட்டுவிட்டு அது ஓடுகின்றது. பின்னர்த் தன் தொப்பியையும் சப்பாத்தையும் மண்ணிற் புதைத்து, தனக்குத் தானே ஈமவுரை நிகழ்த்தி, பூனைகளைப் பேணும் ஒரு மூதாட்டியின் வீட்டிலே வேறொரு பெயரோடு வளர்ப்புப் பிராணியாக ஒடுங்குகின்றது. உயிர் பிழைப்பதற்காக வாழ்வைக் கைவிடல் என்னும் முரணை இதனினும் சுருக்கமாகக் காட்டுதல் அரிது. அங்கே அதற்கு உணவுண்டு, பாதுகாப்புண்டு. செய்தற்குரிய செயல் மட்டும் இல்லை.

அந்த ஓநாய் பரிசுக்காக வேட்டையாடும் கூலிக்காரன் எனப் பூனை முதலில் எண்ணுகின்றது. அது மரணமே என்னும் உண்மை நெடுநேரம் கழித்தே வெளிப்படுகின்றது. மரணத்தை உருவகித்துக் காட்டும் மரபு ஐரோப்பியக் கலையில் மிகப் பழையது. 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த ‘எவ்ரிமான்’ என்னும் ஆங்கில ஒழுக்க நாடகத்திலே மரணம் இறைவனின் தூதுவனாய் வந்து மனிதனைக் கணக்கொப்புவிக்க அழைக்கின்றது. நற்செயல் ஒன்றே அவனுடன் கல்லறைவரை செல்கின்றது. ஹான்ஸ் ஹோல்பைன் வரைந்து 1538ஆம் ஆண்டில் லியோன் நகரில் நூலாக வெளிவந்த மரணக்கூத்து மரச்செதுக்கோவியங்களில், போப்பாண்டவர், பேரரசர், உழவன், குழந்தை ஆகிய அனைவரையும் எலும்புக்கூடு ஒருநிகராகக் கைப்பற்றிச் செல்கின்றது. கிறிம் சகோதரர் தொகுத்த கதையொன்றில் ஏழையின் பிள்ளைக்கு ஞானத்தந்தையாக மரணமே அமைகின்றது. வளர்ந்து வைத்தியனான பிள்ளை மரணத்தை ஏமாற்ற முயன்று தன் உயிர்விளக்கு அணைந்து மடிகின்றான். சுவீடன் நாட்டு நெறியாளர் இங்மார் பேர்க்மனின் ‘ஏழாவது முத்திரை’ (1957) என்னும் படத்தில், கொள்ளைநோய் பரவிய நாட்டிலே வீரனொருவன் மரணத்தோடு சதுரங்கம் ஆடுகின்றான்.

இம்மரபிலே மரணத்துக்குப் பொதுவாக வாய்த்த குணம் நடுநிலைமை. அதற்கு வெறுப்பும் இல்லை, விருப்பும் இல்லை. சப்பாத்துப் பூனையின் மரணமோ சினங்கொண்ட மரணம். எட்டு இறப்புகளின்போதும் தான் அருகே நின்று கண்டதாகவும், ஓருயிரையேனும் மதியாத பூனையை இறுதி உயிரில் தானே தொலைக்கப் புறப்பட்டதாகவும் அது கூறுகின்றது. அதன் சினம் காவற்காரனின் சினமன்று. தான் காத்துவரும் பொருளைப் பிறர் இழிவுபடுத்தக் கண்ட உடைமைக்காரனின் சினம். உயிரின் விலையை உயிருள்ள பூனை அறியவில்லை. அதனைப் பறிப்பதே தொழிலாகக் கொண்ட ஓநாய் அறிந்திருக்கின்றது. இம்முரண் மிக நுட்பமானது. பிரேசில் நாட்டு நடிகர் வாக்னர் மௌராவின் தாழ்ந்த, அவசரமற்ற குரல் அதற்கு ஏற்ற கருவியாகின்றது.

கதையின் புறவோட்டம் ஒரு தேடலாகும். இருண்ட கானகத்தில் வீழ்ந்த விண்மீனொன்று ஒரேயொரு விருப்பத்தை நிறைவேற்றும். இழந்த உயிர்களை மீளப்பெறலாம் எனப் பூனை அதனை நாடுகின்றது. முன்னாள் துணைவியாகிய கிட்டி சொஃப்ட்போஸ் என்னும் பெண்பூனை, நம்பத்தக்க ஒருவரைப் பெறவேண்டி நாடுகின்றாள். மூன்று கரடிகளால் வளர்க்கப்பட்ட கோல்டிலொக்ஸ் தனக்கென ஒரு மனிதக் குடும்பத்தை விழைகின்றாள். ஜாக் ஹோர்னர் என்னும் பணக்காரன் உலகின் மந்திரவலிமை முழுவதும் தனதாகவேண்டும் என்கின்றான். இவர்களிடையே பெரிற்றோ என்னும் சிறுநாய் மட்டும் விருப்பமின்றி உடன்வருகின்றது. பெரிற்றோ என்பது சிறுநாய் எனப் பொருள்படும் ஸ்பானியச் சொல்லேயாகும். தனக்கெனப் பெயர்கூட இல்லாத உயிர் அது.

வழிகாட்டும் தேசப்படம் ஏந்துவோருக்கேற்ப மாறுகின்றமை படத்தின் சிறந்த கற்பனைகளுள் ஒன்று. பூனையின் கையில் அது நெருப்புப் பள்ளத்தாக்கையும், பிணம் புதைப்போனின் மலைமுகட்டையும், தொலைந்த ஆன்மாக்களின் குகையையும் காட்டுகின்றது. சிறுநாயின் கையில் அதே நிலம் மலர்வெளியாகவும் இளைப்பாறும் ஆறாகவும் இனிது கடக்கத்தக்கதாக மாறுகின்றது. பாதையின் கடுமை நிலத்தைப் பொறுத்ததன்று, நடப்பவன் சுமந்துவரும் மனத்தைப் பொறுத்தது என்னும் கருத்தை எவரும் வாய்விட்டு உரையாமலே காட்சி உணர்த்திவிடுகின்றது.

ஆயின் இவ்விடத்தில் ஒரு நியாயமான ஐயம் எழும். பெரிற்றோவின் குடும்பம் அதனைக் காலுறையொன்றினுள் கல்லோடு கட்டி ஆற்றில் எறிந்தது. அதனை அந்நாய் விளையாட்டென்றே கருதி, அக்காலுறையைத் தன் மேலாடையாக அணிந்து மகிழ்கின்றது. கொடுமைக்குள்ளானவன் மனநிறைவோடு இருக்கவேண்டும் எனப் படம் போதிக்கின்றதோ என வினவலாம். அங்ஙனம் போதிக்குமாயின் அது கொடுமை செய்தார்க்கே துணைபோகும் போதனையாகும். படைப்பாளர் இவ்வாபத்தை அறியாதவரல்லர். அக்கதையைக் கேட்கும் ஏனைய பாத்திரங்கள் திடுக்குற்று வாயடைத்து நிற்கின்றன; அத்திடுக்கம் அது கொடுமையே எனத் தீர்ப்பளித்துவிடுகின்றது. நாயின் மகிழ்ச்சியைப் படம் வியக்கின்றதேயன்றிச் சட்டமாக விதிக்கவில்லை. எனினும் நாய்க்கு ஒருகணமேனும் சினமோ துயரோ தோன்றுவதாகக் காட்டியிருந்தால் அதன் மனநிறைவு இயல்பூக்கமாக அன்றி வென்றெடுத்த பண்பாக விளங்கியிருக்கும். இஃது ஒரு குறையே.

அச்சத்தைச் சித்திரித்த முறையிலே படம் தன் வகையைச் சேர்ந்த ஏனைய படங்களை விஞ்சுகின்றது. கானகத்திடையே ஓநாயைக் கண்ட பூனை ஓடிச்சென்று மரத்தடியில் மூச்சுத்திணறி நிற்கின்றது. இசை அடங்குகின்றது, நெஞ்சத்துடிப்பே கேட்கின்றது. தேடிவந்த பெரிற்றோ அறிவுரை எதனையும் கூறவில்லை; வீரனாயிரு எனத் தூண்டவுமில்லை. தன் தலையைப் பூனையின் வயிற்றின்மேல் வைத்துப் பேசாது கிடக்கின்றது. மூச்சு மெல்ல மெல்லச் சீராகின்றது. மரணபயத்துக்கு மறுமொழி தத்துவமன்று, அருகிருத்தலே என்பது இக்காட்சியின் பொருள். தந்தையையோ தாயையோ இழந்த மாணவனை வகுப்பறையில் எதிர்கொள்ளும் ஆசிரியர்க்கு இச்சிறுகாட்சி நீண்ட உபதேசங்களினும் பயன்படும்.

அக்குகையிலே பளிங்குகளுள் தோன்றும் பூனையின் கழிந்த எட்டு வடிவங்களும் அதனை எள்ளுகின்றன. நண்பரைத் தேடும் கோழையாயினாய் என நகைக்கின்றன. புகழ்ப்பாடலுள் வாழ்ந்த அவ்வெட்டும் தன்னையன்றி எவரையும் நேசித்ததில்லை என்பதைப் பூனை அப்போதே காண்கின்றது. ஆயினும் கண்டது உடனே பயன் தரவில்லை. ஓநாய் தன்னை இன்னாரென அறிவித்ததும் பூனை துணைவரைக் கைவிட்டுத் தேசப்படத்தோடு விண்மீனை நோக்கி ஓடுகின்றது. உண்மையை அறிதல் வேறு, அதன்வழி நிற்றல் வேறு என்னும் வாழ்க்கையுண்மைக்குப் படம் இங்கு நேர்மையாக இடமளித்துள்ளது.

துணைக்கதைகள் இரண்டும் மையக்கருத்துக்கு எதிரொலியாக அமைகின்றன. கோல்டிலொக்ஸ் கதையை ராபர்ட் சதி 1837ஆம் ஆண்டில் அச்சேற்றியபோது கரடிகளின் வீட்டினுட் புகுந்தவள் ஒரு கிழவி. பின்வந்தோரே அவளைச் சிறுமியாக்கினர். திரைப்படம் அச்சிறுமியை அநாதையாக்கி, அந்நியமாக நுழைந்த வீட்டையே அவளது வீடாக்கியுள்ளது. குட்டிக்கரடி ஆபத்துக்குள்ளானபோது விருப்பத்தைக் கைவிட்டு அவனைக் காக்கும் அவள், தேடிய குடும்பம் தன்னருகே இருந்ததை உணர்கின்றாள். ஜாக் ஹோர்னருக்கோ அன்பான பெற்றோரும் வளமான வீடும் இளமையிலேயே வாய்த்தன. அவை போதா என்பதே அவன் முறைப்பாடு. அவனைத் திருத்த முயலும் நெறிப்பூச்சியும் ஈற்றிற் கைவிடுகின்றது. போதும் எனச் சொல்லத் தெரியாதவன் அவன். அதே நோயின் மெல்லிய வடிவமே பூனையின் எட்டு உயிர்களும்.

ஓவிய முறையும் கருத்தோடு இயைந்துள்ளது. திரைப்படம் செக்கனுக்கு 24 படச்சட்டங்களாக ஓடுவது வழமை. இப்படத்தின் போர்க்காட்சிகளிலே ஒவ்வோர் அசைவுநிலையும் ஒன்றுக்கு மேற்பட்ட சட்டங்களில் நிலைநிறுத்தப்படுவதால் இயக்கம் தாவித்தாவிச் செல்கின்றது. பின்புலம் தூரிகைத் தீற்றல் தெரியும் வண்ணவோவியமாகின்றது. சிலந்தி மனிதன் பற்றிய 2018ஆம் ஆண்டுச் சித்திரப்படம் திறந்த வழி இது. ஆயினும் இங்கு அது வெறும் அலங்காரமன்று. அரக்கனோடு பொரும்போது கதைப்புத்தகம்போல் ஒளிரும் வண்ணம், ஓநாய் தோன்றும்போது வற்றி, சிவப்பும் கருமையுமாகச் சுருங்குகின்றது. புகழின் உலகும் மரணத்தின் உலகும் கண்ணுக்கே வேறாகின்றன.

இறுதிப்போரிலே ஓநாய் நெருப்பு வளையமிட்டுப் பூனையைத் தனிப்படுத்தி, கைவிட்ட வாளை அதனிடமே எறிகின்றது. விண்மீனின் விருப்பம் எட்டும் தொலைவில் இருந்தும் பூனை அதனை நாடவில்லை. மரணத்தை வெல்லல் இயலாது என ஒப்புக்கொண்டு, எஞ்சிய ஓருயிருக்காகப் போரிடத் துணிகின்றது. அதுகண்ட ஓநாய், தான் வேட்டையாட வந்த செருக்குடைய பூனை இங்கில்லை என உணர்ந்து, மீண்டும் ஒருநாள் சந்திப்பது உறுதி என்னும் குறிப்போடு நீங்குகின்றது.

இம்முடிவின்மீது கடுமையான தடையொன்று நிகழ்த்தலாம். மரணம் செருக்குடையோரைத் தொலைத்துத் திருந்தினோரை விட்டுச்செல்லும் எனின், நல்லோர் இளமையில் இறப்பது எங்ஙனம்? நோயால் மாண்ட குழந்தை எந்த உயிரை வீணாக்கியது? ஹோல்பைனின் எலும்புக்கூடு குழந்தையையும் பற்றிச் செல்வதே உலகியல்பு. மரணத்தை நீதிபதியாக்கினால் இறந்தோரைக் குற்றவாளிகளாக்கும் தீங்கு நேரும். இத்தடை எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. படம் இதற்கு அரைவாசி விடையே தருகின்றது: உரிய காலம் வருமுன் வேட்டையாடப் புறப்பட்டது ஓநாயின் வரம்புமீறலே என்பது கதைப்போக்கினாற் புலப்படுகின்றது, நீங்கும்போதும் இழந்த உயிர்களுள் ஒன்றையும் அது மீட்டுத் தரவில்லை. திருத்தம் பூனைக்குத் தந்தது ஆயுளன்று, ஆயுளை ஏற்கும் மனமே. இவ்வேறுபாட்டைச் சிறுவர்க்கு எடுத்துரைக்கும் கடமை உடனிருந்து காணும் பெரியோரைச் சாரும்.

ஒப்புநோக்கத் தக்க படமொன்று அதே ஆண்டிலேயே வெளிவந்தது. மெக்சிக்கோ நாட்டவராகிய கியேர்மோ டெல் தோரோ ஆக்கிய ‘பினோக்கியோ’விலும் மரத்தாலான சிறுவன் பலமுறை இறந்து மீள்கின்றான். தந்தையைக் காக்கவேண்டி விதியை மீறி விரைந்து திரும்புதற்காக இறவாமையை அவன் இழக்கின்றான். 2023ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் இரு படங்களும் சிறந்த சித்திரப்படத்துக்கான ஒஸ்கார் பரிசுக்குப் போட்டியிட, பினோக்கியோவே அதனைப் பெற்றது. துயரத்தின் ஆழத்தில் பினோக்கியோ மேம்பட்டது எனலாம். அதன் ஈற்றிலே அன்புக்குரியோர் ஒவ்வொருவராக மறைகின்றனர். பூனையின் படம் அச்சத்தின் உண்மையில் மேம்பட்டது. ஒன்று பிறரின் இறப்பைப் பேசுகின்றது. மற்றது தன்னிறப்பைப் பேசுகின்றது. பலமுறை வாழ வாய்ப்புப் பெற்ற உயிர் ஒருமுறையே வாழ இசையும்போதுதான் வாழத் தொடங்குகின்றது என்பதில் இரண்டும் ஒன்றுபடுகின்றன.

ஈற்றில் பூனையும் கிட்டியும் பெயரற்றிருந்த நாயும் ஆளுநரின் கப்பலைக் கவர்ந்து பழைய நண்பரை நாடிப் புறப்படுகின்றனர். இன்னொரு தொடர்ப்படத்துக்கு வழிதிறக்கும் வாணிகக் குறிப்பு அதில் உண்டென்பது வெளிப்படை. ஆயினும் முன்னைய படங்களில் இறவாதவனாக இருந்த தலைவன் இனி இறக்கக்கூடியவனாகவே திரைக்கு வரவேண்டியவனாயினான். அடுத்த படத்தை ஆக்குவோர் இதனை மறந்து அவனை மீண்டும் அழிவற்ற வீரனாக்கினால் இப்படம் முயன்று ஈட்டிய உண்மை வீணாகும். மறவாது காப்பாரெனின், சிறுவர்க்கான சித்திரக்கலை மெய்யான அச்சத்தையும் மெய்யான ஆறுதலையும் தாங்கவல்லது என்பதற்கு இப்படம் நிலையான சான்றாகும்.